தூக்கிவாரிப் போட்டது

சாட்சி கூண்டில் ஏறியதும் ஆத்மநாதன் தம் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்வார். பேசுகிறவர் முகம் அவருக்குத் தெரிய வேண்டும். புதுக்கோட்டை கோர்ட்டில் அவர் மொழிபெயர்ப்பாளர். சமஸ்தானக் காலத்தில் சேர்ந்தவர். சமஸ்தானம் போன பிறகும் முழங்கை பளபளக்கும் அதே கறுப்புக் கோட்டுதான்.

திருக்கோகர்ணத்திலிருந்து சைக்கிளில் வருவார். வழியில் யாராவது "அடியாத்தி!" என்றால் வேகம் குறையும், உதடு அசையும். அதற்கு இங்கிலீஷில் என்ன என்று தேடுகிறார் என்று அர்த்தம். "கோவத்துக்கு வார்த்தை கெடச்சிரும் சார். அதிர்ச்சிக்குத்தான் ஆம்புட மாட்டேங்குது" என்பார்.

போன வருஷம் கீரனூர்ப் பக்கத்து முத்துமாரியம்மாள் மேல் ஒரு வழக்கு நடந்தது. புருஷனைக் கிணற்றில் தள்ளிக் கொன்றாள் என்று குற்றச்சாட்டு. நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. பிணம் கிடைத்த சேதி கேட்டபோது எப்படி இருந்தது என்று அவளைக் கேட்டார்கள்.

"தூக்கிவாரிப் போட்டுச்சுங்க. அப்பறம் ஒண்ணும் தெரியலை."

கண்ணை மூடிக்கொண்டு பெயர்ப்பதுதான் அப்போது ஆத்மநாதனின் வழக்கம். மூடிய கண்ணோடு 'டேக்கன் அபேக்' என்றார், கொஞ்சம் திகைத்துப்போனேன் என்கிற அளவில். அப்படியே பதிவாயிற்று.

மறுநாள் அரசு வக்கீல் அந்த இரண்டு சொல்லையும் பிடித்துக்கொண்டார். அழைக்காத விருந்தாளி வாசலில் வந்து நின்றால் சொல்கிற வார்த்தை இது. புருஷன் செத்த சேதிக்கு ஒரு மனைவி இவ்வளவுதான் திகைத்தாளா, முன்பே தெரிந்தவளால்தான் இப்படிச் சொல்ல முடியும் என்றார்.

ஆத்மநாதன் எழுந்து நின்றார். கேட்காமல் மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கக் கூடாது. நீதிபதி உட்காரும்படி கையசைத்தார். அவர் உட்காரவில்லை. அந்த அம்மாள் அப்படிச் சொல்லவில்லை, வார்த்தை என்னுடையது, அது தவறு என்று இங்கிலீஷில் சொன்னார். சரியான வார்த்தை எது என்று நீதிபதி கேட்டார். ஆத்மநாதன் தேடினார். கோர்ட்டே காத்திருந்தது. ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், உடம்பை யாரோ தூக்கி, வாரி, கீழே போட்டதுபோல என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். நீதிபதி பழைய சொல்லை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டார்.

மற்ற சாட்சியமும் நிற்கவில்லை. முத்துமாரியம்மாள் விடுதலையானாள். முறைமீறிப் பேசியதற்காக ஆத்மநாதனுக்கு மெமோ வந்தது. "வாங்கிக்க வேண்டியதுதான் சார். கண்ணைத் தொறந்து அந்தம்மா மொகத்தைப் பாத்திருந்தா எனக்கு அந்த வார்த்தை வாயில வந்திருக்காது" என்கிறார்.

தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் அவள் அவரிடம் வந்தாள்.

"ஐயா, நான் ஏதும் தப்பாச் சொல்லிப்புட்டேனா? அன்னைக்கி என்னமோ எந்திரிச்சுப் பேசுனீங்களே."

"இல்லை ஆத்தா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பானையிலிருந்து மொண்டு கொடுத்தார். அவள் வாயில் வைப்பதற்குள் தண்ணீர் சேலையெல்லாம் சிந்தியது. ஆத்மநாதன் தம்ளரை வாங்கி, அவள் குடித்து முடிக்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.