ஆறு மணி மிஸ்டு கால்

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் நான் பெரிய ஜெபவீரன். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்று எது வந்தாலும் முதல் பதில் என்னுடையதுதான். அதற்காக நான் முழங்கால் போட்டதாக நினைத்துவிட வேண்டாம். 'ஜெ' என்று தட்டினால் போதும், மிச்சத்தை என் போனே முடித்துக் கொடுத்துவிடும்: 'ஜெபிக்கிறேன், கவலைப்படாதீங்க.' கூடவே ஒரு ஜோடி கூப்பிய கைகள். அனுப்பிய கையோடு மறந்துவிடுவேன்.

நாளாக ஆக, எந்தச் செய்தி வந்தாலும் கட்டைவிரல் தானாக 'ஜெ'யைத் தேடிப் போனது. "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று மனைவி எழுதியதற்கு அந்தப் பதில் போனது. வீட்டில் அன்று எல்லோருக்கும் கடுங்காப்பி. நாளை ஆடிட், எல்லோரும் ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று மேலதிகாரி ஆபீஸ் குழுவில் போட்டதற்கும் 'ஜெபிக்கிறேன், கவலைப்படாதீங்க' என்று ஆறுதல் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் ஆபீஸே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை பக்தியும் அதே லட்சணம்தான். தலத்தெரு வீட்டிலிருந்து ஸ்கூட்டரை விரட்டி, நற்செய்தி வாசிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் பூசை கண்டதாக எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொள்வேன். வண்டிகள் நிற்கும் மரத்தடிதான் என் இடம். பிரசங்கம் ஆரம்பித்தால் டீக்கடை. ஆபீஸில் வருகைப்பதிவுக்கு விரல் வைத்துவிட்டு வெளியே நழுவுவேனே, அதே நடை.

பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் பெண்மணி, நெல் பயிரிடும் குடும்பத்திலிருந்து வந்தவர். பிள்ளையார் பக்தை. லீவில் இருந்தவர் ஒருநாள் எழுதினார். அம்மாவைப் பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நெஞ்சைத் திறந்து வால்வு மாற்ற வேண்டும், அடுத்த வாரம் ஆபரேஷன், பயமாக இருக்கிறது. வழக்கமான பதில் போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

"சார், எத்தனை மணிக்கு ஜெபம் பண்ணுவீங்க?"

இத்தனை வருஷத்தில் பங்கில் ஒருவர்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை. "காலைல ஆறு மணிக்குங்க" என்று வாய் சொல்லிவிட்டது. ஆறு மணிக்கு நான் விடும் குறட்டை எதிர்வீட்டுக்கும் கேட்கும்.

"சரிங்க சார். நானும் அதே நேரத்துக்கு எங்க பிள்ளையாரைக் கும்பிட்டுக்கறேன். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கேட்டா நல்லதுதானே. ஆரம்பிக்கறப்ப ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன்."

எவ்வளவு பேசினாலும் இலவசம் என்ற இந்தக் காலத்தில், மறுநாள் சரியாக ஆறு மணிக்கு ஒரே ஒரு மணி அடித்து நின்றது. போர்வைக்குள்ளிருந்தே சிலுவை போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பாண்டிச்சேரியில் ஒருத்தர் என்னை நம்பி நின்றுகொண்டிருக்கிறார் என்ற நினைப்பு முதுகில் குத்தியது.

இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். சின்ன வயதில் கோயிலில் படித்த ஜெப மந்திரங்களை எல்லாம், ஸ்டாப்பிங் இல்லாத பஸ் மாதிரி ஓட்டி முடித்தேன். மனைவி எழுந்து பார்த்து, "உடம்புக்கு முடியலையா?" என்றார். "ஜெபம்" என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மந்திரங்கள் தீர்ந்துபோயின. எதிரே சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். அதன் கீழே எப்போதும் எரிய வேண்டிய சிவப்பு பல்பு எப்போது ஃபியூஸ் ஆனதோ, வீட்டில் யாருக்கும் தெரியாது. வேறு வழியில்லாமல் அவரிடம் நேராகவே பேசினேன். "ஆண்டவரே, அந்த அம்மாவை" என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். எந்த அம்மா? பேர்கூடத் தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது. உடனே போன் செய்து கேட்டேன்.

"பேரு தெரியாமலா சார் மூணு நாளா கேட்டீங்க?" என்றார். "எந்த அம்மான்னு அவரு எங்க போயித் தேடுவாரு?"

ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்பது அதில் வெளிப்பட்டுவிடும். பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மிஸ்டு கால் நின்றுவிட்டது. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். ஆனாலும் ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. பேர் தெரிந்த பிறகு அந்த அம்மா என்னோடு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வர ஆரம்பித்துவிட்டார். ரயில்வே கேட் மூடியிருந்தால் அங்கேயே அவருக்காக இரண்டு வார்த்தை. பல் விளக்கும்போது, பால் வாங்கும்போது, நுரையோடும் பாத்திரத்தோடும் ஆண்டவரிடம் பேசினேன். அவர் இத்தனை நாளும் வீட்டிலேயேதான் இருந்திருக்கிறார் என்று தோன்றியபோது, வந்த விருந்தாளியை வாங்க என்றுகூடச் சொல்லாமல் விட்டவனைப் போலக் கூசியது. அன்றே புது பல்பு வாங்கி மாட்டினேன்.

ஆபரேஷன் அன்று நிஜமாகவே கெஞ்சினேன். மத்தியானம் செய்தி வந்தது: 'அம்மா கண்ணு முழிச்சுட்டாங்க சார்.' மேசையிலேயே அழுதுவிட்டேன். "மறுபடியும் ஆடிட்டா சார்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

லீவு முடிந்து அந்தப் பெண்மணி வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்தப் பதில் போன் அனுப்பியது, ஆறு மணி நான் சொன்ன பொய்.

"தெரியும் சார். ஆடிட்டுக்கே ஜெபிச்சவருதானே நீங்க. சும்மா விட்டா போனுதான் ஜெபிக்கும்னு மிஸ்டு கால் குடுத்தேன்."

"அப்பறம் ஏன் நிறுத்திட்டீங்க?"

அவர் ஃபைலைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "பேரு கேட்டீங்கல்ல சார். அதுக்கப்பறம் எதுக்கு எழுப்பறது?"