லெனாட்டும் அசையாத பிளக்கும்

நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் குருநகர் மீனவர்கள் முதலில் புனித அந்தோனியாரைக் கூப்பிடுவார்கள். எப்படியோ கரை சேர்ந்த பிறகு லெனாட்டைக் கூப்பிடுவார்கள். அந்தோனியார் ஏசமாட்டார், லெனாட் ஏசுவார். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஐம்பது தாண்டிய ஆள். பள்ளிக்கூடத்துக்கு எட்டாம் வகுப்போடு கும்பிடு போட்டவர். மனிதரோடு கதைத்தால் கடிப்பார், இரும்போடு கதைத்தால் கொஞ்சுவார். எஞ்சின் திருத்துகிற தன் கொட்டிலுக்கு வந்த எதையும் "ஏலாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பியதில்லை. அவருடைய சொத்தும் அதுதான், திமிரும் அதுதான்.

அந்தத் திமிருக்கு ஆபத்து ஒரு மொறிஸ் மைனரில் வந்தது.

புத்தூரில் வெங்காயம் செய்கிற தேவராசாவின் கார் அது. தகப்பன் வாடகைக்கு ஓடியது, அவருக்குப் பிறகு கொட்டிலில் கோழி அடைகாக்கக் கிடந்தது. இப்போது கலியாண வீட்டுக்காரர் பழைய கார் தேடி அலைகிறார்கள் என்று கண்டு, தேவராசா அதை எழுப்ப நினைத்தான். எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றை வை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். லெனாட் மட்டும் குறுக்கே விழுந்தார்.

"ஜப்பான் எஞ்சின் வைச்சா அது மொறிஸ் மைனரோ? வேசம் கட்டின வான். என்னட்டை விடு. உன்ரை கொப்பர் ஓடின எஞ்சினையே ஓட்டிக் காட்டுறன்."

நாலு பேர் நிற்கச் சொன்ன சொல்.

பிரித்துப் பார்த்தால் எஞ்சின் நல்ல சாமான்தான். ஆனால் ஒயில் போகிற பாதை முழுக்கத் தார் மாதிரிக் கட்டிப்போய்க் கிடந்தது. சண்டைக்காலத்தில் ஒயில் இல்லையென்று எதையெதையோ ஊற்றி ஓடியிருக்கிறார்கள். எஞ்சினின் உடலான புளொக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நெடுக ஒரு துவாரம். இரண்டு வாயிலும் புரி வெட்டிய இரும்புப் பிளக் முறுக்கியிருக்கும். இரண்டையும் கழற்றினால்தான் உள்ளே கம்பி விட்டுக் குடையலாம். குடையாமல் பூட்டினால் எஞ்சின் ஒரு மணித்தியாலம் ஓடும், பிறகு உருகி இறுகி நின்றுவிடும்.

முன்பக்கத்துப் பிளக் ரெண்டு ஏச்சோடு கழன்று வந்தது. பின்பக்கத்தது அசையவில்லை.

லெனாட் தெரிந்த வித்தை எல்லாம் காட்டினார். துரு இளக்குகிற எண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். தட்டினார். முறுக்குச் சாவி பிடிக்கிற சதுரக் குழி தேய்ந்து வட்டமானதுதான் மிச்சம். பிறகு பிளக்கின் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, நன்றாக ஆறவிட்டு, எண்ணெய் குடிக்கப் பண்ணி இழுத்தார். நட்டுத்தான் முறிந்து வந்தது. இன்னொரு நட்டு, இன்னொரு முறிவு. காஸ் ரோச்சால் சூடு காட்டினார், ஆறவிட்டார், இழுத்தார். ஊஹூம்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வளவில் ஜெரோசன் தன் பழைய வள்ளத்துக்கு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தான். குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சுகிற புகை கண்ணைக் கரித்தது.

"டேய் ஜெரோசன், உந்தச் சட்டியை அங்காலை கொண்டு போடா!"

"உங்கடை வாயாலை வாற புகையை விடவோ அண்ணை?"

மானிப்பாயில் கராஜ் வைத்திருக்கிற சயந்தன் வந்து எட்டிப் பார்த்தான். "துளைச்சு எடுங்கோவன் அண்ணை."

"உன்ரை மண்டையைத் துளைப்பன். ட்ரில் ஒரு மயிரளவு விலகினாப் புளொக் போச்சு. வேறை புளொக் கொப்பரோ வார்த்துத் தருவார்?"

சனிக்கிழமை தேவராசா போன் எடுத்தான். "அண்ணை, திங்கள் விடியவே லான்ட்மாஸ்டர் உழவு மெசினிலை பெட்டியும் பூட்டிக்கொண்டு வாறன். எஞ்சினை எடுக்கப் பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லிப்போட்டன். ஜப்பான் எஞ்சினும் பாத்தாச்சு. குறை நினையாதையுங்கோ. ஏலாட்டில் ஏலாதுதானே."

லெனாட் போனை வைத்துவிட்டு மறுபடி புளொக்குக்குப் போனார். அன்றைக்குச் சோற்றுக்கும் எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. மனைவி லவீனா சீலை உடுத்தி வெளிக்கிட்டு, கொட்டில் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலை நிமிர்த்தவில்லை. அவள் போய்விட்டாள்.

ரோச்சைப் பற்றவைத்து, இந்தமுறை பிளக்கைச் சுற்றியுள்ள இரும்பு நீலம் பாயும்வரை பிடித்தார். புகை எழுந்தது. அதே மணம். லெனாட்டுக்குப் பொறுமை போய்விட்டது. மதிலுக்கு மேலால் கத்தினார்.

"டேய் ஜெரோசன்! இண்டைக்குமோடா காய்ச்சுறாய்?"

"ஆரைக் கூப்பிடுறியள்?" பின்னால் லவீனா. பூசை முடிந்து வந்துவிட்டாள். "ஞாயிற்றுக்கிழமை ஆர் வள்ளத்திலை கை வைக்கிறது? ஜெரோசன் கோயில் வாசலிலை நிண்டு கதைச்சுக்கொண்டு நிக்கிறான்."

"அப்ப உந்த மணம்?"

அவள் மூக்கை இழுத்தாள். "பூசைக்குப் போகாத ஆளைத் தேடித் தூபம் வந்திருக்கோ எண்டு பாத்தன்." கிட்டே வந்து குனிந்தாள். லவீனாவின் தகப்பன் வள்ளம் கட்டுகிற ஓடாவி. அந்தப் புகையில் வளர்ந்தவள். "இஞ்சாருங்கோ, இது உங்கடை புளொக்காலை வருது. குங்கிலியம்."

லெனாட் ரோச்சைக் கீழே வைத்தார். பிளக்கின் விளிம்பில் தேன் நிறத்தில் ஒரு துளி பொங்கி நின்றது. குச்சியால் தொட்டார். நூலாக இழுபட்டது. தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறிக் கல்லானது.

"எங்கடை அப்பு கத்துவார்," என்றாள் லவீனா. "சூட்டோடை வேலையை முடியுங்கோடா, ஆறினா உளியும் இறங்காது எண்டு."

லெனாட் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். துரு என்றால் சூடாக்கி ஆறவிட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் புரிக்குள் இறங்கும். இது துருவே இல்லை. ஒவ்வொருமுறையும் இளகி நின்றதை, ஆறவிட்டு ஆறவிட்டுத் தானே இறுக்கிக் கொடுத்திருக்கிறார்.

"எடியே, பாரத்துக்கு உந்தப் பலகையிலை ஏறி இரு!"

புளொக்கைப் பூட்டியிருந்த பலகையின் மறு அந்தத்தைக் காட்டினார்.

"பூசைச் சீலையோடையோ?"

"சீலை தோய்க்கலாம். ஏறு!"

அவள் ஏறி உட்கார்ந்தாள். லெனாட் புது நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். சிவப்பு அடங்குமட்டும் மூச்சு இரண்டு விட்டார். அதற்கு மேல் ஒரு கணமும் ஆறவிடவில்லை. சாவியை மாட்டி, அதன் வாலில் நீளக் குழாயைச் செருகித் தொங்கினார். பலகை முனகியது. லவீனா மாதாவைக் கூப்பிட்டாள். கிர்ர் என்று ஒரு சத்தம்.

நட்டு முறிந்த சத்தமல்ல. பிளக் அசைந்த சத்தம்.

கால் சுற்று. அரைச் சுற்று. புகைக்குள்ளிருந்து பிளக் புரி புரியாக வெளியே வந்து டணார் என்று சீமெந்தில் விழுந்து உருண்டது. லெனாட் போட்ட கூச்சலுக்குக் கோயிலடியில் நின்ற ஜெரோசன் ஓடி வந்தான். ஆருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தானாம்.

திங்கள் விடிய லான்ட்மாஸ்டர் வந்து நின்றது. தேவராசா கயிறும் கையுமாக இறங்கினான்.

"வாடா தம்பி. இந்த ஓட்டைக்குக் கிட்ட வந்து பார்."

அவன் குனியவும் லெனாட் மறுமுனையில் கொம்பிரசர் காற்றைத் திறந்தார். இரவோடு இரவாக மண்ணெண்ணெயில் ஊறிய கறுப்புக் கட்டி முழுவதும் தேவராசாவின் வெள்ளைச் சேட்டில் விழுந்தது. அவன் முகத்தைத் துடைத்துவிட்டுத் துவாரத்துக்குள் பார்த்தான். அந்தப் பக்கத்தில் லெனாட்டின் கண் தெரிந்தது.

"கழண்டிட்டுதோ அண்ணை!"

"பின்னை?"

குங்கிலியக் கதையைக் கேட்டபோதுதான் தேவராசாவுக்கு ஞாபகம் வந்தது. "ஓமண்ணை, சண்டைக்காலத்திலை அதாலை ஒயில் கசிஞ்சது. பூசி அடைக்கிற பசை கடையளிலை இல்லை. பாசையூரிலை ஆரோ வள்ளக்காரர்தான் அடைச்சுத் தந்தவராம். அதுக்குப் பிறகு ஒரு துளி கசியேல்லை எண்டு அப்பர் சொல்லுவார்."

"அந்த மனிசனைக் கண்டா முதல் கும்பிடுவன்," என்றார் லெனாட். "பிறகு உதைப்பன்."

லான்ட்மாஸ்டர் வெறும் பெட்டியோடு புத்தூருக்குத் திரும்பியது. பிறகு வந்த மாதம், புதுப் பிளக்கும் புது வளையங்களும் போட்டுப் பூட்டிய எஞ்சின் முதல் முறுக்கிலேயே பிடித்தது. ஒயில் ஓடாவிட்டால் எரிகிற விளக்கு ஒருதரம் முழித்துவிட்டு அணைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். சயந்தன்கூடத் தட்டினான்.

காரைப் புத்தூருக்குக் கொண்டுபோகும் நாளில், தேவராசா ஸ்டியரிங்கைப் பிடிக்க, லெனாட் முன்கதவைத் திறந்தார். உள்ளே லவீனா ஏறியிருந்தாள்.

"பின்னுக்கு ஏறுங்கோ. ஆரின்ரை மூக்காலை ஓடுது இந்தக் கார்?"

லெனாட் பின்சீற்றில் ஏறினார். தலை கூரையில் இடித்தது. பருத்தித்துறை வீதி நேராக விரிந்ததும் முன்னால் ஒரு ஜப்பான் வான் போய்க்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மிதிக்கட்டோ அண்ணை?" என்றான் தேவராசா.

"கேட்டுக்கொண்டிருக்கிறியேடா? மிதி!"

மிதித்தான். வானைத் தாண்டும்போது லெனாட் கண்ணாடியை இறக்கி, அதன் சாரதிக்குக் கை காட்டினார்.