பதினாறாவது வளைவில் நின்றுபோன கார்

என் கணவருக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருடம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி டயாலிசிஸ் செய்தால்தான் உயிர். பஸ்ஸில் போகலாமே என்று எங்கள் சர்ச் சபையில் சிலர் சொன்னார்கள். டயாலிசிஸ் முடித்த மனிதரை நிற்க வைத்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். எனக்கு நயமாகப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது பதினெட்டு வருடப் பழைய சின்னக் கார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது அவர் வாங்கியது. அப்போதே அது இரண்டு பேர் ஓட்டிக் கழித்த வண்டி. பின் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். ஒரு ஜன்னல் மேலே ஏறாது, பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறோம். அவரால் ஓட்ட முடியாமல் போனதும் நாற்பத்தாறு வயதில் நான் ஓட்டக் கற்றேன். அந்தக் காரை வெறுத்தேன். விற்றால் அவர் சாவார், வைத்திருந்தால் நான் சாவேன். மூன்று வருடம் என் நினைப்பு அதுதான்.

ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். கூடவே எங்கள் மலையில் பலருக்கும் இருக்கும் ஒரு கெட்ட பழக்கத்தையும் கற்றுக் கொடுத்தார். இறக்கத்தில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் மிதித்து இறங்குவது. "எறக்கத்துல எதுக்கு புள்ள பெட்ரோலு? மலையே தள்ளி உடும்" என்பார். நானும் அப்படியே இறங்கினேன்.

போன ஐப்பசி மழையில் பாதையில் பாறை சரிந்து ரோட்டை மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் தவறியது. திங்கள் இரவு அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றது. கால் இரண்டும் வீங்கித் தூண் மாதிரி ஆகிவிட்டது. செவ்வாய் காலை ரோடு திறந்ததும் பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்துக் கிளம்பினேன்.

கீழிருந்து எண்ணினால் பதினாறாவது வளைவு. அதற்கு முன் பிரேக் கல் மாதிரி இறுகிவிட்டது. ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. இரண்டு காலாலும் மிதித்தேன். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். மலைப் பக்கம் மண்ணில் உரசி வண்டி நின்றது. சாவியைத் திருகினேன். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பத்து தடவை திருகினேன்.

ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். ரோடு திறந்ததும் எல்லா வண்டியும் ஏறுகிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். வெளியே ஒரே பனிமூட்டம். பின்னால் அவர் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். மூன்று கார்கள் ஹாரன் அடித்தபடி ஒதுங்கிப் போயின. ஒருத்தன் கண்ணாடியை இறக்கி, "ஓட்டத் தெரியலைன்னா ஊட்டுல இருக்க வேண்டியதுதானே" என்று கத்திவிட்டுப் போனான்.

அப்போதுதான் ஸ்டீயரிங்கை அடித்து அடித்துக் கத்தினேன். "ஆண்டவரே, எத்தனை நாள் முழங்காலில் நின்றேன்? காது கேட்கவில்லையா உமக்கு? இந்த வண்டியைப் பள்ளத்தில் தள்ளும், எனக்குக் கவலையில்லை. இந்த மனுஷனைக் கீழே கொண்டுபோய்ச் சேரும். இப்போதே சேரும்!" இதுதான் என் ஜெபம். ஸ்தோத்திரமும் இல்லை, ஆமென்னும் இல்லை.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பின்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் டிரைவர்.

"ஏனுங்கக்கா, வளைவுல வண்டிய நிறுத்திப்போட்டு ஆருகூடச் சண்டை?"

"கடவுள்கூடச் சண்டை. உனக்கென்ன?" என்றேன்.

அவர் பின் சீட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் என் கணவரை லாரியில் ஏற்றப் பார்த்தோம். அந்த உயரத்துக்குக் கால் வரவில்லை. மறுபடியும் காரில் உட்கார வைத்தோம். டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்து, பெட்ரோல் வரவில்லை, பம்பு போயிருக்கும் என்றார். பிறகு கேட்டார்:

"நியூட்ரல்லதான எறங்குனீங்க?"

பின்னாலிருந்து என் கணவர், "நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன்" என்றார். அந்த மூச்சிலும் ஒப்புக்கொண்டார்.

"நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க போங்க. இன்ஜின அணைச்சா பிரேக்கு இறுகிப்போகுமுங்க. அக்கா, இன்ஜின் ஓடாட்டியும் பரவால்லீங்க. சாவிய ஆன்லயே வெச்சிருங்க. ஒண்ணாம் கியர்ல போட்டு கிளச்ச உட்டுருங்க. செத்த இன்ஜினும் வண்டியப் புடிக்கும். நான் முன்னால மெதுவாப் போறேன். பிரேக் புடிக்கலீன்னா என் வண்டி பின்னால வந்து முட்டிக்கோங்க. பள்ளத்துல மட்டும் உட்டுறாதீங்க."

பிரேக் ஆறும் வரை கால் மணி நேரம் நின்றோம். அந்தக் கால் மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். பிறகு லாரி என்னைத் தாண்டி முன்னால் போனது. நானும் இறங்கினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த லாரியின் பின்பக்கமும் இரண்டு சிவப்பு விளக்கும்தான். இன்ஜின் முனகியபடி வண்டியைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் நின்று, எதிரே வருகிற வண்டியை நிறுத்தி, எனக்கு வழி விட்டார்.

ஏழாவது வளைவில் பழக்க தோஷத்தில் கிளச்சை மிதித்துவிட்டேன். கார் பாய்ந்தது. "கிளச்ச உடு புள்ள!" என்று என் கணவர் அலறினார். லாரியில் போய் முட்டினேன். ஹெட்லைட் நொறுங்கியது. லாரி அசையவில்லை. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஒண்ணுமில்லீங்கக்கா, வாங்க" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாக எனக்கு முன்னால் ஒருவர் நின்றார்.

அடிவாரத்தில் அவரே ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்து டயாலிசிஸுக்கு எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் என் கணவர் கண் திறந்து, "காப்பி குடு" என்றார். தர மாட்டேன், தண்ணீரே அளவுதான் என்று திட்டினேன். சந்தோஷத்தில்தான் திட்டினேன்.

அந்த டிரைவர் கரடியூர்க்காரர், பெயர் முருகேசன். கிளம்பும்போது, "நான் நம்ம மலைச்சாமி சேர்வராயனக் கும்புடறவனுங்க. உங்க சாமிகிட்ட அடுத்த தடவை நல்ல வண்டியாக் கேளுங்க" என்றார். அவரை ஆண்டவர் அனுப்பினாரா என்று சபையில் கேட்டார்கள். ஆண்டவர் அனுப்பாமல் வேறு யார் அனுப்பியது? நான் கத்தி முடிக்குமுன் வந்து நின்றவர் அவர்.

என் கணவருக்குக் கிட்னி திரும்பி வரவில்லை. பம்பு மாற்றி, பிரேக் மாற்றி, அதே காரில்தான் இன்னும் இறங்குகிறோம், கியரில். ஆனால் இந்தக் காருக்குள் அடைபட்டுக் கிடக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது. வழியில் நிற்கிற வண்டியைப் பார்த்தால் நிறுத்திக் கேட்கிறேன். முன்பு யாருக்கும் நான் நிறுத்தியதில்லை.

உங்களில் எத்தனையோ பேர் இப்படி ஒரு வளைவில் நிற்பீர்கள். நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்காதீர்கள். பயத்தோடு கேளுங்கள், கோபத்தோடு கேளுங்கள், கேட்காமல் மட்டும் இருக்காதீர்கள். நான் திட்டித்தான் கேட்டேன். ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை.