சாவிக்கட்டையின் பின்விளிம்பு

எங்கள் லாட்ஜில் ஒவ்வோர் அறைச் சாவியையும் ஒரு மரக்கட்டையோடு வளையத்தில் கோத்து வைத்திருப்போம். குளிக்கப் போகிறவர்கள் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் அருவியில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, பைக்குள் நுழையாத அளவில் செய்த கட்டை. ஒரு முனையில் வளையம் போக வட்டமாக ஒரு துளை இருக்கும். குற்றாலத்தில் இருபது வருடமாக லாட்ஜ் மேனேஜராக இருக்கிறேன். ஒரு நாளைக்கு நூறு முறையாவது அந்தக் கட்டைகளைக் கையில் எடுத்திருப்பேன். அதில் ஒன்றைப் பார்த்து வரையத் தெரியாது என்பது போன வருடம் சீசன் தொடங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் மகள் அப்போது இன்ஜினியரிங் முதல் வருடம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி, ஹாஸ்டல். மே மாதம் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு வார்டன் போன் செய்தார். காலை எட்டு மணிக்கே வீட்டுக்குப் போவதாக நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்பினாளாம். வந்து சேர்ந்துவிட்டாளா என்று கேட்டார். அவள் வரவில்லை. அவளுடைய போன் அணைந்திருந்தது.

எங்கள் வீடு தென்காசியில். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் காலை பத்து மணிக்கு மேல் அவள் பஸ்ஸில் இருக்க வழியில்லை. நான் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் எங்கே போனேன் என்பதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், அவளுடைய பழைய பள்ளிக்கூடம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தென்காசிப் பெரிய கோயிலில் அவளைக் கண்டுபிடித்தேன். கோபுர வாசலைத் தாண்டியதும் காற்று ஆளைத் தள்ளுகிற இடத்தில், சுவரோரமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பஸ்ஸ விட்டு இறங்குனேன்ப்பா. வீட்டுக்கு நடக்க முடியல” என்றாள்.

மாடல் எக்ஸாமில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் தாளில் நூற்றுக்குப் பன்னிரண்டு. அவள் வரைந்த தாளை வகுப்பில் தூக்கிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். செமஸ்டர் தேர்வுக்கு நான்கு வாரம் படிப்பு விடுமுறை இருந்தது. தேர்வு எழுத மாட்டேன், அந்தக் காலேஜுக்கே போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் மனைவி காலையிலேயே ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். மகளை வீட்டில் தனியாக விட எனக்குத் தைரியம் வரவில்லை. ரிசப்ஷனில் ஆள் இல்லை என்று பொய் சொல்லி, தினமும் பைக்கில் லாட்ஜுக்குக் கூட்டிப் போனேன். அவள் சாவிப் பலகைக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச மாட்டாள்.

ஒரு நாள் தென்காசியில் கல்லூரிப் புத்தகங்கள் விற்கும் கடையில், கிராஃபிக்ஸுக்கு ஏதாவது எளிதாக இருக்கிறதா என்று கேட்டேன். ஐசோமெட்ரிக், அதாவது ஒரு பொருளின் மூன்று பக்கமும் ஒன்றாகத் தெரிகிற படம், வரையப் புள்ளி போட்ட தாள் ஒரு கட்டு எடுத்துத் தந்தார்கள். அவளிடம் கொடுக்கப் பயம். கொடுத்தால் படி என்று சொன்னதாக ஆகிவிடும். அதனால் நானே ஒரு தாளை எடுத்து, ஏழாம் எண் சாவிக்கட்டையை மேஜையில் வைத்து, வரைய ஆரம்பித்தேன். நான் பி.ஏ. வரலாறு. முன்பக்கத்தைச் சதுரமாகப் போட்டேன், மேல்பக்கத்தை எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்தேன். இதில் நடிப்பு எதுவும் இல்லை, உண்மையாகவே வரவில்லை.

நான்காவது தாளில் அவளால் பொறுக்க முடியவில்லை.

“ஐயோ, பென்சிலத் தாங்கப்பா. நட்டமா இருக்கது நட்டமாவே இருக்கும். மத்த ரெண்டு பக்கமும் இப்படி முப்பது டிகிரி, அப்படி முப்பது டிகிரி. மூணே மூணு திசைதான். அதுல மட்டும்தான் அளக்கணும்.”

“சாய்வா வெட்டுன இடம் இருந்தா?”

“அத நேரா அளக்கப்பிடாது. முதல்ல முழுப் பெட்டியையும் லேசாப் போட்டுக்கணும். வெட்டு எங்க ஆரம்பிக்கு, எங்க முடியுதுன்னு பெட்டி மேல ரெண்டு புள்ளி வச்சு, அப்புறம் சேக்கணும்.”

அன்று அவள் அவ்வளவு பேசியதே எனக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் அவளாகவே பென்சில்களைக் கொண்டுவந்தாள். லேசான கோட்டுக்கு ஒன்று, அழுத்தமான கோட்டுக்கு ஒன்று. மாடிப்படி, சோப்புப் பெட்டி, வாசலில் கிடந்த சிமென்ட் கல் என்று இருவரும் வரைந்தோம். வட்டத்துளை மேல்பக்கத்தில் முட்டை மாதிரி சாய்ந்து வரும் என்பதை நம்பவே எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்குள் சாரல் தொடங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தினாலும் தாள் நமுத்துப்போகும். நமுத்த தாளில் பென்சில் கோடு பதியாமல் குழி விழும். லாண்டரி அறையில் இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கி, தாளைத் துணிக்கடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டு வருவேன். அது என் வேலை.

லாட்ஜ் வாசலில் எண்ணெய் மசாஜ் செய்ய ஓர் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். கிராக்கி இல்லாத நேரம் உள்ளே வந்து எட்டிப் பார்ப்பார்.

“என்ன அண்ணாச்சி, புள்ளி வச்சுக் கோலம் போடவா பிள்ளைய இன்ஜினியரிங் சேத்திய?” என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

“இது கோலம் இல்ல, பெரியப்பா. நீங்க உக்காந்திருக்க பலக இது” என்றாள் மகள். பல நாளைக்குப் பிறகு அவள் வெளியாள் ஒருவரிடம் பேசினாள்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாயி, பலக பின்னால போகப் போக அகலமாவுல்லா இருக்கு? ஒரு பக்கம் வீங்கிப்போன மாதிரி. நான் உருவி விட்டாக்கூடச் சரியாவாது போலிருக்கே.”

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வகுப்பில் இதைத்தானே தூக்கிக் காட்டிச் சிரித்திருப்பார்கள் என்று தோன்றியது.

மறுநாள் அவள் சாவிக்கட்டையைப் பெரிய தாளில், துளையும் ஓரத்து வெட்டும் சேர்த்து, முழுதாக வரைந்து முடித்தாள். ஒரு காலை முழுவதும் ஆனது. அவள் சாப்பிடப் போனபோது நான் தாளுக்கு முன்னால் நின்றேன். பின்விளிம்பு முன்விளிம்பை விட நீளமாக இருந்தது. சந்தேகமே இல்லை, என் கண்ணால் பார்த்தேன். தூரத்தில் இருப்பது சின்னதாகத்தானே தெரிய வேண்டும்? ரப்பரை எடுத்து, பின்விளிம்பை அழித்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டேன். பெட்டி பார்க்க அழகாக ஆகிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் அவளைக் காப்பாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

அவள் வந்து பார்த்தாள். அழித்த இடத்தில் விரலை வைத்தாள்.

“நீங்களா அழிச்சிய?”

“பின்னால அகலமா இருந்துச்சுட்டி. அதான்…”

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஸ்கேலை எடுத்து முன்விளிம்பில் வைத்தாள். ஆறு சென்டிமீட்டர். நான் அழித்த கோட்டின் தடம் தாளில் இன்னும் பள்ளமாக இருந்தது. அதில் வைத்தாள். அதுவும் ஆறு.

“இதுல பக்கம், தூரம் ஒண்ணும் கிடையாதுப்பா. எல்லாம் ஒரே அளவு. ஆனா நம்ம கண்ணு ஒத்துக்காது. பின்னால அகலமா இருக்கு, அகலமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்.” ஸ்கேலை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னாள். “மாடல்ல நான் சரியாத்தான் போட்டிருந்தேன். கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாத்தேன். தப்பாத் தெரிஞ்சுச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டு, நீங்க இப்ப போட்டிருக்கியல்லா, இப்படியே போட்டேன். மூணு படத்துக்கும்.”

வெளியே யாரோ சாவி கேட்டு மேஜையைத் தட்டினார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் அந்தப் பள்ளத்தின் மேலேயே பழைய கோட்டை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

“அன்னைக்கு நான் முதல்ல உன்ன அருவியிலதான் தேடுனேன்.”

பென்சில் நின்றது. “எந்த அருவி?”

“மெயின் ஃபால்ஸ். அப்புறம் அஞ்சருவி.”

“மே மாசம்ப்பா. தண்ணியே இருந்திருக்காதே.”

“இல்லன்னு தெரியும். பாற மேல ஏறிப் பாத்தேன்.”

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். “நான் அங்கன வரவே நினைக்கலப்பா” என்றாள். “வீட்டுக்குத்தான் வந்தேன். வந்து சேர முடியல, அவ்வளவுதான்.” பிறகு, “அந்த ரப்பரைத் தாங்க. இனிமே இது எங்கிட்ட இருக்கட்டும்” என்று வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

தேர்வு எழுதப் போகிறேன் என்று அவள் தனியாக எப்போதும் சொல்லவில்லை. கிராஃபிக்ஸ் தேர்வுக்கு முந்தின வாரம் ஹாஸ்டலுக்குப் போகப் பெட்டி கட்டினாள். நானும் கூட வந்து, தேர்வன்று கல்லூரி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். லாட்ஜுக்கு லீவும் சொல்லியிருந்தேன், சீசனில் அது லேசில் கிடைக்காது.

“வேண்டாம்ப்பா. நீங்க வாசல்ல இருக்கியன்னு தெரிஞ்சா நான் பின்விளிம்பத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். முடிஞ்சதும் போன் பண்ணுதேன்.”

தென்காசி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வரைபலகை உயரமாக நின்றதால் கண்டக்டர் அதைத் தன் இருக்கைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். பஸ் திரும்பும்வரை நின்றேன். அதன் பின்னால் பைக்கில் போகவில்லை. போகாமல் இருந்ததைப் பெரிதாகச் சொல்லக் கூடாது, ஆனால் எனக்கு அது பெரிதுதான்.

தேர்வன்று காலை பத்து மணிக்குக் கூட்டம் குறைந்ததும் புள்ளித் தாளில் ஏழாம் எண் கட்டையை வரைய உட்கார்ந்தேன். பெட்டியை லேசாகப் போட்டேன். பின்பக்கம் வழக்கம்போல அகலமாகத் தெரிந்தது. கை தானாக மேஜையில் துழாவியது. ரப்பர் இல்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஸ்கேலை எடுத்ததும் மறுபடி அகலமாகிவிட்டது. இப்படி ஏழெட்டு முறை பார்த்திருப்பேன்.

மூன்று மணி நேரத் தேர்வு. ஒரு மணிக்குப் போன் வரவில்லை. ஒன்றேகாலுக்கும் வரவில்லை. நான் கூப்பிடவில்லை. மசாஜ் அண்ணாச்சி கதவருகே நின்று, “இந்த லாட்ஜ் சாவி எல்லாம் உங்க கையிலதான் இருக்கு அண்ணாச்சி, எங்கயும் ஓடிராது, சாப்பிடப் போங்க” என்றார். ஒன்று நாற்பதுக்குப் போன் அடித்தது.

“போன் வச்சிருந்த பைய ஹாலுக்கு வெளிய வச்சுட்டாங்கப்பா. கியூல நின்னு எடுக்க லேட்டாயிட்டு.”

“சரி. எப்படி எழுதுன?”

“மூணாவது கொஞ்சம் கஷ்டம். தப்பாத்தான் தெரிஞ்சுச்சு. அளந்து பாத்தேன்.” அவள் பக்கம் ஒரே சத்தம், யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். “எதையும் அழிக்கலப்பா. வச்சிருதேன், பசிக்கி.”

இப்போதும் மதியம் இரண்டு மணி வாக்கில் போன் அடித்தால் என் கை முதலில் பைக் சாவியைத்தான் தேடுகிறது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்துப் பேசுகிறேன். பெரும்பாலும் யாராவது அறை இருக்கிறதா என்று கேட்பார்கள்.