காப்பி இலையும் ரகு அண்ணனின் குளிசையும்

ரகு அண்ணன் எங்களை விட்டுப் போய்விட்டார். இப்போதுதான் மெசேஜ் வந்தது.

தெரிந்தவர்கள் யாரும் இப்போதைக்கு என் அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டாம், ப்ளீஸ். அவருக்கு இன்னும் தெரியாது.

கண்டியில் அண்ணனும் நானும் ஒரே மருந்தாராய்ச்சி லேப்பில் இருந்தோம். எனக்கு சீனியர், யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் லேசில் நம்பமாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்குறணை இறைச்சிக்கடையில் ஆட்டுக்குடல் வாங்கி, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். "என்ன தம்பி, பகல் கறிக்கா?" என்று பக்கத்து சீட்டில் கேட்டால், "ஓம்". அவ்வளவுதான்.

அந்தக் குடலுக்குப் போகும் நூல் மாதிரி இரத்தக்குழாயை வெட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிடுவோம். சுருக்கும் மருந்தை விட்டால் குழாய் சுருங்கும், ஸ்கிரீனில் கோடு ஏறும். மேலே என் இலைச்சாற்றை விட்டேன்... கோடு மளமளவென்று இறங்கியது. குழாய் விரிந்துவிட்டது! குழாய் விரிந்தால் பிரஷர் இறங்கும்.

காட்டுக் காப்பி இலை. தேயிலைக்கு முந்திய காப்பிக் காலத்து மிச்சம், தெல்தெனியப் பக்கம் எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மண்டிக் கிடக்கும். சந்தோஷம் தாங்காமல் அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் போனில் அம்மா, "நம்ம எலதானே, அவிச்சுக் குடிக்கிறேன். பிரஷர் மாத்திரைய விட்டுட்டேன்."

லேப்பில் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"சாறை எதில கரைச்சனீர்?"

"ஸ்பிரிட்ல."

"வெறும் ஸ்பிரிட்டை விட்டுப் பாத்தனீரோ?"

இல்லை... பார்க்கவில்லை.

புதுக் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு, மருந்தால் சுருங்க வைத்து, வெறும் ஸ்பிரிட்டை விட்டார். கோடு அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு இறங்கியது... அச்சு அசல் அதே மாதிரி.

விரித்தது ஸ்பிரிட். என் இலை இல்லை.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோட்டைக்கூடப் பார்க்கவில்லை. "போனைத் தாரும்" என்றார்.

"அம்மா, நான் மகளோட வேலை செய்யிற ஆள். அந்த இலையை விடுங்கோ. குளிசையைப் போடுங்கோ. நான் லைன்ல நிக்கிறன்."

அம்மா தண்ணீர் எடுத்து, மாத்திரையை விழுங்கி, "போட்டுட்டேன் தம்பி" என்று சொல்லும்வரை போனை வைக்கவே இல்லை.

வேலை மாறிப் போன பிறகும் அண்ணன் ஞாயிறு தவறாமல் அம்மாவுக்குப் போன் எடுப்பார். வேறு பேச்சே கிடையாது. "அம்மா, குளிசை?" அவர் கேட்ட பிறகுதான் அம்மா வாயில் போடுவார். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

இன்று ஞாயிறு.

அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்திருக்கிறார். "தம்பி இன்னும் எடுக்கலயே..." என்று இரண்டாவது தடவையாகக் கேட்டுவிட்டார்.

முதலில் அதை விழுங்கச் சொல்லிவிட்டு... பிறகு சொல்கிறேன்.

போய் வாங்க அண்ணே.