முகத்துவாரத்துப் பாடு

என் மனைவி இறால்களை ஆராய்ந்தவள். வேலைக்காகப் பழவேற்காட்டுக்கு வந்தாள், என் படகில் ஏறினாள், பிறகு இறங்கவேயில்லை. மீனவனையா கட்டிக்கொண்டாய் என்று அவள் வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். மீன் கழுவத் தெரியாதவளையா கட்டிக்கொண்டாய் என்று என் வீட்டில். எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் ஏரியில் எந்த நாள் யார் எந்தத் துறையில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அப்படிக் கிடைக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவனுடைய பாடு என்றால் இன்னொருவன் அங்கே வலை இறக்க மாட்டான். அவன் காய்ச்சலில் படுத்துவிட்டாலும் அன்றைக்குத் துறை சும்மாதான் கிடக்கும்.

கடலிலிருந்து பொடி இறால் உள்ளே வரும் மாதத்தில் முகத்துவாரத்துத் துறையை விட்டுவிடுங்கள், அவை ஏரிக்குள் வளரட்டும் என்று அவள் ஊர்க்கூட்டத்தில் கேட்டாள். வருடா வருடம் வரத்து குறைந்துகொண்டே போனதில் எல்லோருக்கும் கலக்கம்தான். இருந்தும் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஏரிக்குப் பூட்டு போட வந்துட்டியாம்மா? அந்த மாசம் நாங்க இன்னா துன்றது?”

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது நிதானமாகக் கேட்டாள். “முகத்துவாரத்துல உங்க பாடு வர்ற அன்னைக்கு நீங்க வலை போடலைன்னா யாராவது கேக்க முடியுமா?”

எனக்குப் புரையேறியது. இருப்பதிலேயே நல்ல துறை அது. கத்தினேன், தட்டைத் தள்ளினேன். கடைசியில் அவள் சொன்னதைத்தான் செய்தேன்.

என் முறை வந்த நாளில் காய்ந்த வலையோடு படகில் உட்கார்ந்திருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டிருந்தாள். “இன்னா மச்சான், இறாலுக்கு ஜோசியம் பாக்குறியா?” என்று சிரித்தபடி படகுகள் போயின. எனக்கு மானம் போனது. அவள் அவர்களுக்குக் கையசைத்தாள்.

அதோடு நிற்கவில்லை. கொல்லைப்புறத் தொட்டியில் ஏரித் தண்ணீர் நிரப்பி, அரிசி அளவு இறால் குஞ்சுகளை விட்டு வளர்த்தாள். அவை விரல் நீளத்துக்கு வந்ததும் தெருப்பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். இறாலைக் கூறு கட்டி விற்பவர்கள் அவர்கள்தானே.

“பொடியா இருந்தது இத்தினி பெருசாவா ஆச்சு?” என்று ஒருத்தி தொட்டிக்குள் கையை விட்டாள். அன்று மாலையே பல வீடுகளில், பொடியிலேயே ஏன் வாரிக்கொண்டு வருகிறாய் என்று புருஷனோடு சண்டை.

அடுத்த வருடம் அந்த மாதத்தில் முகத்துவாரத்துத் துறைக்குச் சீட்டே குலுக்கவில்லை. மழை முடிந்து வலை இறக்கினோம் பாருங்கள், கூடை கூடையாகப் பெரிய இறால். ஜோசியம் என்று என்னைக் கிண்டல் செய்தவன் கரையிலிருந்தே அவளைக் கும்பிட்டான். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் வெறும் வலையோடு உட்காரலாம்.

போன வருடம் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பின் நடந்த சீட்டுக் கூட்டத்துக்குப் பயந்துகொண்டேதான் போனேன். நினைத்தபடியே ஒருவன் எழுந்தான்.

“அந்தம்மாதான் இப்ப இல்லியே. அந்த மாசத்தையும் சீட்டுல சேத்துக்கலாம்னு சொல்றேன்.”

தலைவர் சீட்டுப் பானையை மடியோடு இழுத்துக்கொண்டார்.

“அது அந்தம்மா பாடு. அடுத்தவங்க பாட்டுல வலை போடற பழக்கம் எப்பத்திலேர்ந்துடா நம்மூர்ல?”

எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணுக்கும் பாடு இருந்ததில்லை. எழுந்தவன் உட்கார்ந்துவிட்டான். நான் அத்தனை பேர் முன்னால் அழுதேன், சந்தோஷத்தில்தான்.