பக்கத்து இலை

மூடிப்போன எங்கள் வங்கியின் காவலாளி அவர். ஒல்லி உடம்பு, வெளுத்துப்போன காக்கிச் சட்டை. வங்கி நடந்த காலத்தில் யார் வந்தாலும் தோள்துண்டால் பெஞ்சைத் தட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்.

வங்கியின் சொத்தை விற்றுப் பங்கு பிரிக்க நீதிமன்றம் ஓர் அதிகாரியை வைத்திருந்தது. மதுரையில் அவர் கூட்டிய கூட்டத்தில், ஊழியர்களின் சம்பள பாக்கிதான் முதலில், பணம் போட்டவர்களுக்கு அப்புறம்தான் என்றார்.

"ஏலே, நாங்க பட்டினி, நீ முதப் பந்தியா?" என்று காவலாளியைப் பார்த்து ஒருவர் கத்தினார். நானும் பணம் போட்டவன். 

திரும்பும்போது கொடைக்கானல் பஸ்ஸில் நல்ல கூட்டம். காவலாளியின் பக்கத்து இடம் மட்டும் காலி. பணம் போட்டவர்கள் எல்லாரும் கம்பியைப் பிடித்து நின்றார்கள். என்னைக் கண்டதும் துண்டால் இருக்கையைத் தட்டினார்.

"உக்காருங்கண்ணே, மலை ஏறணும்ல."

"இருக்கட்டுங்க, இந்தா இறங்கிருவேன்."

நான் கடைசி நிறுத்தம் போகிறவன் என்று அவருக்குத் தெரியும். சிரித்தார்.

"பந்திக்கு முந்துன்னு சொல்லுவாங்க. முந்தி உக்காந்தா, பக்கத்து இலை காலியால்ல கெடக்கு."

பெருமாள்மலையில் எழுந்தார். தாம் உட்கார்ந்திருந்த இடத்தையும் துண்டால் தட்டிவிட்டு, "இனி உக்காரலாம்ணே" என்று இறங்கிப் போனார்.

கால் கடுத்தது, உட்கார்ந்தேன். இருக்கையில் அவர் சூடு இருந்தது. யார் நல்ல வார்த்தை சொன்னாலும் நாலு பேரிடம் சொல்லித் திரிகிறவன் நான். இதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.